லோயிஸ் வாசித்த விதம்

லோயிஸுக்குத் தன் குரல்மேல் கர்வம் உண்டு. அதை அவள் ஒளித்து வைத்ததும் இல்லை. செகந்திராபாத்தில் அவள் போகும் தமிழ்ச் சபையில் வேதபாடம் வாசிக்கும் முறை அவளுக்கு வந்தால், கடைசி வரிசையில் கண்ணயர்கிறவர்கள்கூட நிமிர்ந்து உட்காருவார்கள். யோசேப்பை அவன் அண்ணன்மார் குழியில் தள்ளும் இடத்தில் அவள் குரல் தழைந்துபோகும். பார்வோன் வாய் திறக்கும்போது கெத்தாக ஏறும். "லோயிஸ் வாசிச்சிட்டா பிரசங்கமே தேவையில்ல" என்று யாரோ சொன்னது சபைப் போதகரான ஐயர் காதில் விழுந்து, அதன்பிறகு கொஞ்ச காலம் அவளுக்கு முறையே வரவில்லை. அங்கி போட்டவருக்கும் வயிறு எரியும்போல என்று வீட்டுக்கு வந்து தனியாகச் சிரித்தாள்.

தனியாகத்தான் சிரிக்க வேண்டும். வீட்டில் வேறு யாரும் இல்லை. குஷாய்குடாவில் இருக்கிற அரசாங்க எலக்ட்ரானிக்ஸ் தொழிற்சாலையில், இன்டர்மீடியட்டும் டைப்பிங்கும் முடித்த கையோடு வேலைக்குச் சேர்ந்தவள். அம்மா படுக்கையில் கிடந்த வருஷங்களில் வரன்கள் வந்தன, காபி குடித்தன, போயின. அம்மாவும் போன பிறகு ஐம்பதைத் தாண்டிய ஒரு பெண்ணுக்கு சனிக்கிழமை எவ்வளவு நீளம் என்பது அவளுக்குத் தெரிந்தது. சபையில் பழக்கமான ஆக்னஸ்தான் அவளை சென்டருக்கு இழுத்துக்கொண்டு போனாள்.

சென்டர் என்றால் மாரேட்பள்ளியில் ஒரு பல் டாக்டரின் மாடியில் வாடகைக்கு எடுத்த அறைகள். பார்வை இல்லாதவர்களுக்கும் குறைவாக உள்ளவர்களுக்கும் வெள்ளைக் கோல் பிடித்து ரோட்டைக் கடக்கவும், பேசும் கம்ப்யூட்டரில் வேலை செய்யவும் அங்கே சொல்லிக்கொடுப்பார்கள். பாடப் புத்தகங்களை வாசித்துப் பதிவுசெய்து கொடுப்பார்கள். பரீட்சைக்குப் பக்கத்தில் உட்கார்ந்து கேள்வியை வாசித்து, அவர்கள் சொல்லும் விடையை எழுதித் தரும் 'ஸ்க்ரைப்' ஆட்களையும் அனுப்புவார்கள். ஆக்னஸ்தான் எல்லாவற்றுக்கும் பொறுப்பு. லோயிஸ் முதல்நாள் பத்தாம் வகுப்பு வரலாற்றுப் பாடத்தை வாசித்ததைக் கேட்டுவிட்டு, "இத்தனை நாள் எங்கடி இருந்த?" என்றாள். அந்த ஒரு வார்த்தைக்காக லோயிஸ் அங்கே எத்தனையோ சனிக்கிழமைகளைக் கொட்டினாள்.

அங்கே எல்லோருக்கும் அவள் 'லோயிஸ் ஆன்ட்டி'. கிரிஜா ஒருத்திதான் 'அக்கா' என்பாள்.

கிரிஜா, நாச்சாரத்தில் ஒரு சிறு தொழிற்சாலையில் லேத் ஓட்டும் சௌந்தரராஜனின் ஒரே மகள். பிறவியிலேயே பார்வை கிடையாது. தாய் இல்லாத பெண். தமிழில் தொடங்கி இந்தியில் முடிப்பாள், நடுவில் தெலுங்கு எட்டிப் பார்க்கும். அவள் பி.ஏ. எழுதியபோதும் எம்.ஏ. எழுதியபோதும் பக்கத்து நாற்காலியில் இருந்தது லோயிஸ்தான். அவள் பாஸான ஒவ்வொரு முறையும் லோயிஸ் சபையில் ஸ்தோத்திரக் காணிக்கை போட்டாள். யாருக்காக என்று உறையின்மேல் எழுத வேண்டிய இடத்தில் 'என் பிள்ளைக்காக' என்று ஒருமுறை எழுதி, உடனே வெட்கப்பட்டு அடித்துவிட்டு, 'கிரிஜாவுக்காக' என்று எழுதினாள்.

இப்போது கிரிஜா வங்கி வேலைக்கான தேர்வுக்குப் படித்துக்கொண்டிருந்தாள். அப்பாவுக்கு வயதாகிக்கொண்டிருந்தது, லேத் முன்னால் நின்று நின்று முட்டி இரண்டும் போய்விட்டன. அவர் உட்காருவதற்குள் மகள் ஒரு வேலையில் உட்கார வேண்டும். அந்தத் தேர்வில் அவள் பக்கத்து நாற்காலி தனக்குத்தான் என்பதில் லோயிஸுக்குச் சந்தேகமே வந்ததில்லை.

பொறாமை அவளுக்கு முதலில் ஒரு மனுஷிமேல் வரவில்லை, ஒரு செல்போன்மேல் வந்தது. கிரிஜாவின் போன் புத்தகத்தைத் தானே வாசிக்கும். அதுவும் சாதாரண வேகத்தில் இல்லை, கொதிக்கிற எண்ணெயில் கடுகு போட்ட மாதிரி படபடவென்று. "இது என்னட்டி பாஷை?" என்று லோயிஸ் கேட்டால், "இங்கிலீஷ்தான்க்கா, உங்களுக்குக் காது ஸ்லோ" என்று சிரிப்பாள். லோயிஸ் தொண்டை கட்டக் கட்டப் பதிவுசெய்த பாடங்களைக் கேட்க ஆள் குறைந்தது. மெஷினோடு மல்லுக்கட்ட முடியாது என்று அதை மட்டும் விழுங்கிக்கொண்டாள்.

அப்புறம்தான் தாரிணி வந்தாள்.

தாரிணி கோயம்புத்தூர்ப் பெண். மாதாப்பூரில் ஏதோ சாஃப்ட்வேர் கம்பெனி. இந்த ஊருக்கு வந்து அதிக நாள் ஆகவில்லை. சனிக்கிழமை மெட்ரோ பிடித்து வந்து, முதுகுப் பையை மூலையில் போட்டுவிட்டு, "ஏனுங்க்கா, நான் என்ன பண்ணட்டுங்க?" என்று லோயிஸிடமே கேட்டாள். புதிதாக வருகிறவர்களுக்கு வாசிக்கும் முறையைச் சொல்லிக்கொடுப்பது லோயிஸின் வேலை. பரீட்சைக் கேள்வியை வாசிக்கும்போது தப்பான விடைக்கு இருமக் கூடாது, உச்சுக் கொட்டக் கூடாது, மூச்சுகூட மாறக் கூடாது என்றெல்லாம் அவள்தான் தாரிணிக்கும் பாடம் எடுத்தாள். எடுத்துவிட்டு, பயிற்சிக்கு உட்கார் என்று கிரிஜாவைக் கைகாட்டியதும் அவள்தான். இதை நினைக்கும்போதெல்லாம் பிற்பாடு தன் தலையில் தானே குட்டிக்கொண்டாள்.

தாரிணியின் வாசிப்பு இருக்கிறதே, லோயிஸின் வார்த்தையில் சொன்னால், "ரயில்வே அனௌன்ஸ்மென்ட்". ஏற்றம் இல்லை, இறக்கம் இல்லை. பாதிக் கேள்விக்கு அவளுக்கே விடை தெரியாது. அதைப் பற்றிக் கவலையும் இல்லை. வாசித்துவிட்டு வேர்க்கடலை கொறிப்பாள். ஆனால் கிரிஜா அவளோடு சேர்ந்தால் ஓயாமல் சிரித்தாள். 'தாரிணி, வாடி, போடி' என்றாள். இரண்டு பேரும் கையைக் கோத்துக்கொண்டு கீழே பானிபூரி சாப்பிடப் போனார்கள். கிரிஜா தன்னை ஒருநாளும் பானிபூரிக்குக் கூப்பிட்டதில்லை என்பது அப்போதுதான் லோயிஸுக்கு உறைத்தது. கூப்பிட்டிருந்தால், அந்தத் தண்ணியைக் குடித்தால் டைபாய்டு வரும் என்று சொல்லியிருப்பாள். அது வேறு விஷயம்.

அந்தச் சிரிப்பு மாடிப்படியில் இறங்கி ரோடு வரைக்கும் போவது லோயிஸுக்குக் கேட்கும். கேட்கக் கூடாது என்று நினைத்தால் இன்னும் நன்றாகக் கேட்கும்.

மாதிரித் தேர்வுகள் ஆரம்பித்தன. கேள்விக்கு நாலு விடை கொடுத்து ஒன்றைத் தேர்ந்தெடுக்கச் சொல்லும் தேர்வு. லோயிஸ் வாசித்த நாட்களில் கிரிஜா வெளுத்து வாங்கினாள். தாரிணி வாசித்த நாட்களில் மார்க் சரிந்தது. லோயிஸுக்கு அந்தச் சரிவைப் பார்க்கப் பார்க்க நெஞ்சு குளிர்ந்தது; அதை அக்கறை என்று தனக்குத்தானே பெயர் மாற்றிச் சொல்லிக்கொண்டாள். ஆக்னஸிடம் போய், "பிள்ள வாழ்க்கையில வெளையாடுதாங்க ஆக்னஸ். என்கிட்ட எடுக்குற மார்க்கப் பாரு, அவகிட்ட எடுக்குற மார்க்கப் பாரு" என்றாள். ஸ்க்ரைப்பாக வருகிறவர் தேர்வு எழுதுகிறவரைவிட ஒரு படி குறைவாகப் படித்திருக்க வேண்டும் என்ற விதியையும் தேடிப் பிடித்து நினைவுபடுத்தினாள். தான் வெறும் இன்டர்மீடியட் என்பதில் அவள் வாழ்க்கையில் முதல்முறையாகப் பெருமைப்பட்டாள். கிரிஜா எம்.ஏ., தாரிணி பி.இ., அதனால் அவளும் வரலாம் என்று ஆக்னஸ் சொன்னபோது, கிரிஜாவை எம்.ஏ. வரை படிக்க வைத்த தன் கையையே நொந்துகொண்டாள்.

ஆனால் மார்க் விஷயம் ஆக்னஸுக்கும் நியாயமாகப் பட்டது. கிரிஜாவைக் கூப்பிட்டு, தேர்வுக்கு லோயிஸ் வரட்டுமே என்றாள். கிரிஜா தலையைக் குனிந்துகொண்டு, "நக்கோ மேடம். தாரிணியே வரட்டும்" என்றாள். வேண்டாம் என்பதற்கு அந்த ஊர் வார்த்தை 'நக்கோ'. காரணம் கேட்டால் வாயைத் திறக்கவில்லை. கதவுக்கு இந்தப் பக்கம் நின்றிருந்த லோயிஸுக்கு அந்த 'நக்கோ' கன்னத்தில் அறைந்த மாதிரி விழுந்தது. பெற்றிருந்தால் இப்படிச் சொல்லுவாளா என்று அன்று பஸ்ஸில் முழுக்க முகத்தை ஜன்னல் பக்கம் திருப்பிக்கொண்டு போனாள்.

தேர்வுக்கு முந்தைய சனிக்கிழமை கடைசி மாதிரித் தேர்வு. கிரிஜா போனை அணைத்துப் பையில் போட்டுவிட்டு, மேசைமுன் நேராக உட்கார்ந்திருந்தாள். லோயிஸின் போன் அடித்தது. தாரிணி.

"அக்கா, ஆபீஸ்ல மீட்டிங் இழுத்துருச்சுங்க. அரை மணி நேரத்துல வந்துருவேன். கிரிஜா போன் ஆஃப்ல இருக்குதுங்க. கொஞ்சம் சொல்லிருங்க்கா."

"சொல்லுதேன்," என்றாள் லோயிஸ். உள்ளே போனாள். "ஏட்டி, இன்னைக்குத் தாரிணி வரலையாம்" என்றாள்.

பொய் தட்டாமல் வந்தது. அதுதான் ஆச்சரியம். ஞாயிற்றுக்கிழமை தவறாமல் சபைக்குப் போகிறவள்.

"வரலையா?" கிரிஜா நெற்றியைச் சுருக்கினாள். "சரி, அடுத்த வாரம் பாத்துக்கலாம்க்கா."

"அடுத்த வாரம் பரீட்சை. நான் என்ன செத்தா போயிட்டேன்? வா, நான் வாசிக்குதேன்."

கேள்வித்தாளை விரித்து ஆரம்பித்தாள். அன்றைக்குப் போல அவள் என்றைக்கும் வாசித்ததில்லை. சொற்கள் வழுக்கிக்கொண்டு போயின. கிரிஜாவும் டக் டக்கென்று "பி", "டி", "ஏ" என்று சொல்லிக்கொண்டே வந்தாள். எல்லாம் சரி. லோயிஸுக்கு உள்ளே குதூகலம். பார், யார் வாசிப்பு என்று பார்.

அடுத்த கேள்வி ஏதோ ஒரு வங்கிச் சட்டம் எந்த வருஷம் வந்தது என்பது. மூன்றாவது விடையை வாசித்து முடிக்குமுன் கிரிஜா கையைத் தூக்கினாள்.

"போதும்க்கா."

"என்ன, விடை தெரியலையா?"

"விடை சி தான். ஆனா எனக்குத் தெரியாது."

"தெரியாமலா சொல்லுத?"

"உங்களுக்குத் தெரியும்ல. அதனால எனக்கும் தெரியுது." கிரிஜா நாக்கை நனைத்துக்கொண்டாள். "சரியான விடை வரும்போது உங்க குரல் மாறுதுக்கா. மத்த மூணையும் போற போக்குல வாசிச்சுட்டுப் போறீங்க. அதை மட்டும் என் தட்டுல எடுத்து வைக்கிறீங்க."

லோயிஸுக்குச் சுருக்கென்றது. "சும்மா கத கட்டாத. புதுசா வாரவங்களுக்குப் பாடம் எடுக்குறவளே நான்தான்."

"எனக்கும் முன்னாடி தெரியாதுக்கா. நல்லா படிக்கிறேன்னு நெனச்சுட்டிருந்தேன். தாரிணி வாசிச்சப்போ மார்க் விழுந்துச்சா, ஏதோ குழப்பம்னு நெனச்சேன். அப்புறம் புரிஞ்சுது. அவ வாசிச்சா எனக்குத் தெரிஞ்சது மட்டும்தான் வருது."

"நம்ப மாட்டேன்."

"சரி. எனக்குத் தெரியாதது ஒண்ணு கேளுங்க. உங்க அம்மா பொறந்த ஊர். நாலு ஊர் சொல்லுங்க."

லோயிஸ் யோசித்தாள். மனசைக் கல்லாக்கிக்கொண்டு, ஒவ்வொரு ஊரையும் அளந்து வைத்தாள். "மெஞ்ஞானபுரம். நாசரேத். சாயர்புரம். டோனாவூர்."

"சாயர்புரம்."

சாயர்புரம்தான்.

"இன்னொரு தடவ. ஆபீஸ்ல நான் சேர்ந்தப்ப எனக்கு மேல இருந்த அதிகாரி பேரு," என்றாள் லோயிஸ். குரலைக் கட்டிப்போட்டுத் தாரிணி மாதிரியே நாலு பெயரை வாசித்துப் பார்த்தாள். கிரிஜா சரியான பெயரைச் சொன்னாள். "இப்ப கட்டிப் புடிச்சீங்கல்ல, சரியான எடத்துல இன்னும் இறுக்கமாப் புடிச்சீங்க" என்றாள். சொல்லும்போது அவள் முகத்தில் ஜெயித்த களை எதுவும் இல்லை.

"இப்ப நான் சொல்ற பேரை மட்டும் சொல்லுங்க. ஆக்னஸ், சம்பந்தம், தாரிணி, ஏனோக்," என்றாள் கிரிஜா. எல்லோரும் சென்டருக்கு வந்து போகிறவர்கள்.

"கேள்வி என்ன?"

"கேள்வி வேணாம்க்கா. பேர் மட்டும்."

லோயிஸ் சொன்னாள். மூன்றாவது பெயரில் தன் பல் கடிபடுவது அவளுக்கே கேட்டது. லோயிஸுக்குக் காது மடல் சுட்டது. அப்படியென்றால் இத்தனை மாதமும் இந்தப் பெண் எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டே இருந்திருக்கிறாள்.

"மொதல்லயே சொல்றதுக்கென்ன?"

"எப்படிச் சொல்றது? உங்க குரல்ல கொறன்னு நான் உங்ககிட்ட எப்படிக்கா சொல்றது?"

அந்த நேரம் பார்த்து மாடிப்படியில் தடதடவென்று சத்தம். தாரிணி மூச்சு வாங்க உள்ளே வந்தாள். "ஸாரிங்க்கா, ஸாரி கிரிஜா! அரை மணி நேரம்னு சொன்னனுங்க, அதுக்கு முன்னாடியே வந்துட்டேன் பாருங்க. அக்கா சொல்லிட்டாங்கல்ல?"

கிரிஜா மெதுவாக லோயிஸ் இருந்த பக்கம் முகத்தைத் திருப்பினாள்.

"கைக்குக்கா?" என்றாள். ஏன் அக்கா என்று அர்த்தம். அவ்வளவுதான் கேட்டாள்.

லோயிஸ் கைப்பையை எடுத்துக்கொண்டு படியிறங்கிவிட்டாள். பல் டாக்டரின் வாசலில் கன்னம் வீங்கி உட்கார்ந்திருந்த ஒருவர் இவள் முகத்தைப் பார்த்து, தன் பல்வலியை மறந்து நகர்ந்து இடம் விட்டார்.

அவமானத்தில் பொறாமை செத்துப்போயிருக்க வேண்டும். சாகவில்லை. இன்னும் கொழுத்தது. குரலை வைத்து எல்லோரையும் கட்டிப்போட்டவளிடம் குரலே இல்லாத ஒருத்தி ஜெயித்துவிட்டாள் என்பதை அவளால் எந்தப் பக்கம் திரும்பிப் படுத்தும் ஜீரணிக்க முடியவில்லை. மறுநாள் சபையில் வாசிப்பு முறை அவளுக்கு. நடுவில் ஒரு வசனத்தில் தன் குரல் தழைவதைத் தானே கேட்டு, வரி தப்பி நின்றாள். ஐயர் பதறிப்போய்த் தண்ணீர் கொடுத்தனுப்பினார். அவருடைய பதற்றம் நிஜமாகவே இருந்தது. அதுவும் அவளுக்குப் பிடிக்கவில்லை.

தேர்வன்று காலையில் முழங்கால்போட்டாள். "ஆண்டவரே, கிரிஜாவை..." என்று ஆரம்பித்தவளுக்கு அடுத்த வார்த்தை வரவில்லை. பாஸ் பண்ண வையும் என்று கேட்கத்தான் முழங்காலில் நின்றாள். பாஸானால் சென்டர் வாட்ஸ்அப்பில் போட்டோ வரும். இரண்டு பேரும் தோளில் கைபோட்டு நிற்பார்கள். கீழே எல்லோரும் தாரிணிக்குக் கைதட்டுவார்கள். ஃபெயிலாகட்டும் என்று கேட்க அவள் அவ்வளவு கெட்டவளும் இல்லை. இரண்டுக்கும் நடுவில் முட்டி வலித்தது. கடைசியில், "உம்முடைய சித்தம்" என்று பொறுப்பை அவர் தலையில் கட்டிவிட்டு, எழுந்து போய்க் காபி போட்டாள்.

அதன்பிறகு அவள் சென்டர் பக்கம் போகவில்லை. ஆக்னஸ் கூப்பிட்டபோது தொண்டை சரியில்லை என்றாள்.

முடிவு வந்த அன்று அவள் தொழிற்சாலை கேன்டீனில் சாம்பார் சாதத்தைப் பிசைந்துகொண்டிருந்தாள். போனில் கிரிஜாவின் பெயர். எச்சில் கையோடு எழுந்து ஓரமாகப் போனாள்.

"அக்கா, போயிடுச்சுக்கா. கட்-ஆஃப்ல கொஞ்சத்துல போயிடுச்சு."

லோயிஸின் மனசு துள்ளியது. நான் உட்கார்ந்திருந்தால் அந்தக் கொஞ்சம் வந்திருக்காதா? வந்திருக்கும்! அந்த ரயில்வே அனௌன்ஸ்மென்ட்டைக் கூட்டிக்கொண்டு போனாயே, வேண்டும் உனக்கு! இதெல்லாம் ஒரு நொடிதான். அடுத்த நொடியே, "ஐயோ, அப்படியா? அழாதட்டி. விடு, அடுத்த தடவ பாத்துக்கிடலாம்" என்று வாய் தானாகவே சொல்லியது.

"அழலக்கா," என்றாள் கிரிஜா. "நீங்க சந்தோஷமா இருக்கீங்க, இல்ல?"

கேன்டீனில் தட்டுகள் மோதிக்கொண்டிருந்தன. சத்தத்தில் கேட்கவில்லை என்று சொல்லியிருக்கலாம். எனக்கா, என்ன பேச்சுப் பேசுகிறாய் என்று பாய்ந்திருக்கலாம். எப்படிச் சொன்னாலும் கிரிஜாவுக்குத் தெரிந்துவிடும்.

"ஆமாட்டி," என்றாள் லோயிஸ். "ஒரு நொடி சந்தோஷமாத்தான் இருந்துச்சு. என்னைய நெனச்சா எனக்கே அசிங்கமா இருக்கு."

கிரிஜா மூச்சை இழுத்து விட்டாள். "அப்பா காலையிலேர்ந்து அழறாரு. தாரிணி ஆபீஸ் பாத்ரூம்ல நின்னு அழறா. அவங்களுக்கெல்லாம் நான்தான் சமாதானம் சொன்னேன். எனக்கு யாராவது சொல்லட்டும்னுதான்க்கா உங்களுக்குப் போட்டேன்."

லோயிஸின் விரல்களில் சாம்பார் காய்ந்து இறுகியிருந்தது. "நான் இப்பவே பெர்மிஷன் போட்டுட்டு வாரேன்."

"நக்கோ. சனிக்கிழமை வாங்க. இங்கிலீஷ் கிராமர்லதான் மார்க் போச்சு. உக்காந்து சொல்லிக் குடுங்க. ஆப்ஷன் வாசிக்க அவ வருவா."

அவ. பெயர்கூடச் சொல்ல வேண்டியிருக்கவில்லை. லோயிஸின் நெஞ்சில் அதே பழைய எரிச்சல் சுறுசுறுவென்று ஏறியது. "சரி, வரட்டும்" என்றாள்.

அந்தச் 'சரி'யில் என்ன இருந்ததென்று கிரிஜாவுக்குக் கேட்டிருக்கும். அவள் போனை வைக்கவில்லை. பிறகு அழ ஆரம்பித்தாள், விக்கி விக்கி, சின்னப் பிள்ளை மாதிரி.

லோயிஸ் ஏதோ சொல்ல வாயெடுத்து, மூடிக்கொண்டாள். அழுது முடிகிற வரைக்கும் போனைக் காதோடு அழுத்திக்கொண்டு, கை கழுவும் குழாய்க்குப் பக்கத்தில் நின்றாள்.